கோணமலைக் கரையில் ஒருநாள்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு ஆசிரியர் கேட்டபோது, கல்லூரி நாட்களைப் பற்றியே எழுத எண்ணினோம். ஆயின், சென்ற ஆடி மாதத்தில் எம்முடன் கற்ற நண்பர் ஒருவர் பிரான்சிலிருந்து மனைவியுடனும் மகளுடனும் வந்திருந்தார். அவர்களுடன் எமது ஊரைச் சுற்றிய ஒருநாளே இக்கட்டுரைக்குப் பொருளாயிற்று.

நண்பர் மத்தியதரைக் கடற்கரையை நன்கறிந்தவர். நீஸ் நகரின் நீண்ட கடற்கரைச் சாலையையும், மொனாக்கோத் துறையில் செல்வர்களின் உல்லாசப் படகுகள் நிற்கும் காட்சியையும் அவர் வருணிக்கக் கேட்டு, இவருக்கு நாம் எதனைக் காட்டுவது என்று உள்ளூர நாணினோம்.

காலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சென்றோம். அருகருகே ஏழு கிணறுகள். ஒவ்வொன்றின் வெம்மையும் வெவ்வேறு. ஊரிலேயே வாழும் நாம் அங்கு சென்று பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன! நண்பரின் மகள் வாளியால் நீரை மொண்டு ஊற்றிச் சிரித்தாள். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக இக்கிணறுகளைத் தோற்றுவித்தான் என்ற கதையை அவளுக்குக் கூறினோம்.

அதுவரை படம்பிடித்துக் கொண்டிருந்த நண்பர் கருவியைக் கீழே வைத்தார். 2003 ஆம் ஆண்டில் அவருடைய தந்தையாரின் அந்தியேட்டி இவ்விடத்திலேயே நிகழ்ந்தது. அகதி விண்ணப்பம் முடிவாகாதிருந்தமையால் மூத்த மகனாகிய அவரால் வரமுடியவில்லை. தம்பியே கடன் முடித்தார். நண்பர் ஒன்றும் பேசாது ஏழு கிணற்று நீரையும் மொண்டு தலையில் வார்த்துக்கொண்டார். நாமும் பேசவில்லை.

பின்னர் கோட்டை வாயிலினூடாக, மான்கள் மேயும் நிழல்வழியே சுவாமிமலைக்கு ஏறினோம். கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அக்கற்களைக் கொண்டு 1624 இல் கோட்டை எழுப்பியதையும், 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிற் சிதைவுகளைக் கண்டதையும், 1963 இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்ததையும் சொன்னோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் யாவரையும் எமது துறைமுகத்தின் ஆழமே ஈர்த்தது. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானியர் குண்டு வீசியதும் அதன் பொருட்டே. ஆங்கிலேயக் கடற்படை 1957 இல் தன் தளத்தை எமது நாட்டிடம் ஒப்படைத்தது.

மலையுச்சியில் நின்று கடலை நெடுநேரம் பார்த்த சிறுமி, “அப்பா, இவ்வளவு அழகான ஊரை விட்டு ஏன் போனீர்கள்?” என்று கேட்டாள்.

“போகவேண்டி வந்தது, பிள்ளை” என்றார் நண்பர். அதற்குமேல் அவர் விளக்கவில்லை. அருகில் நின்ற எமக்கு விளக்கம் வேண்டியிருக்கவுமில்லை.

நண்பகலில் உப்புவெளிக் கரையிலுள்ள உல்லாச விடுதியொன்றில் விருந்தளிக்க விரும்பினோம். விலைப்பட்டியலைக் கண்டதும் எமது முகம் மாறியிருக்க வேண்டும். நண்பர் நகைத்து, “இப்படி எத்தனையோ விடுதிகளில் உண்டாயிற்று, வீட்டுக்குப் போவோம்” என்றார்.

வீட்டில் வாழையிலை விரித்தோம். சோறு, பாரைமீன் குழம்பு, இறாற் பொரியல், முருங்கைக்காய்க் கறி, சொதி. மார்செய் நகரில் பெருவிலைக்கு விற்கும் பூயாபெஸ் என்னும் மீன்சாறும், முன்னாளில் செம்படவர் விலைபோகாத முள்மீன்களை இட்டுக் காய்ச்சிய ஏழையுணவே என்று நண்பர் கூறினார். மகளோ அதனைச் செவிமடுக்கவில்லை. இரண்டாம் முறையும் சொதி கேட்டு வாங்கினாள்.

அவர்கள் திரும்பிச் சென்றுவிட்டனர். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்காள், உங்கள் பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்து வாருங்கள். ஊரில் வாழும் நாமும், விருந்தினர் வரும்வரை காத்திராது, அடுத்த விடுமுறையில் எமது பிள்ளைகளைக் கன்னியாவுக்கு அழைத்துச் செல்வதென முடிவு செய்துள்ளோம்.