சமத்துப் பிள்ளையின் ரிப்போர்ட்

ஜனவரி 11

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு நடக்கும் பயிற்சி வகுப்பு. கையேட்டைப் படித்துக்கொண்டே வந்த ஒரு பெண், ஒலியும் தொடுகையும் பற்றிய பக்கத்தில் நின்றுவிட்டார். கோவையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. வயது 42. ஆறு வயது மகனுக்காகத்தான் வந்திருந்தார். குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்படியை விட்டு ஓடுவது, சட்டைக் கழுத்தில் உறுத்தும் லேபிளை வெட்டி எறிவது, போட்ட திட்டம் மாறினால் அன்று முழுக்கக் கலங்கிப்போவது என்று அந்தப் பக்கத்தில் இருந்ததெல்லாம் மகனுக்கும் பொருந்தியது, அவருக்கும் பொருந்தியது.

“பெரியவங்களுக்கும் இதைப் பார்ப்பாங்களா மேடம்?” என்று வகுப்பு முடிந்ததும் கேட்டார்.

பார்ப்பார்கள். பிள்ளையைப் புரிந்துகொள்ளப் போய்த் தன்னைக் கண்டுகொள்ளும் பெற்றோர் நிறையப் பேர். ஆட்டிசத்தை விரிந்த ஒரு நிறமாலையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த லண்டன் மருத்துவர் லோர்னா விங்கும் தன் மகள் வழியாகத்தான் இந்தத் துறைக்கே வந்தார். ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் என்ற பெயரை ஆங்கில மருத்துவ உலகில் பரவச் செய்ததும் 1981-இல் அவர் எழுதிய கட்டுரைதான்.

ஜனவரி 20

முதலில் பார்த்த மருத்துவர் நாற்காலியில் சாய்ந்தபடியே முடித்துவிட்டார். “வேலைக்குப் போறீங்க, கல்யாணமாகிக் குழந்தை இருக்கு, கண்ணைப் பார்த்துப் பேசுறீங்க. உங்களுக்கு என்ன ஆட்டிசம்?” மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பெண் பார்த்தது கண்ணை அல்ல, இரண்டு புருவங்களுக்கும் நடுவில். கல்லூரி நாட்களில் பழகிக்கொண்ட வித்தை அது. மருத்துவர் அதைக் கேட்கவே இல்லை.

ஆட்டிசம் என்றதும் சிறுவன் ஒருவன் முகம் மனதில் வருவதற்கு வரலாறும் ஒரு காரணம். 1943-இல் பால்டிமோரில் லியோ கானர் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் ஆண். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நால்வரும் ஆண்கள். ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள். கானர் விவரித்த முதல் குழந்தையான டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வங்கி வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, 2023-இல் தன் 89-ஆவது வயதில் காலமானார். வேலையில் இருப்பவருக்கு ஆட்டிசம் இருக்காது என்று சொல்வதற்கு முதல் கேஸிலேயே இடமில்லை.

பிப்ரவரி 8

வேறொரு இடம். இங்கே ஒரு உளவியல் நிபுணர் பொறுமையாகக் கேட்கிறார். முதலில் ஆட்டிசப் பண்புகளைப் பார்க்கும் 50 வாக்கியங்கள் கொண்ட ஏ.க்யூ. வினாத்தாள். சைமன் பேரன்-கோஹன் குழுவினர் கேம்பிரிட்ஜில் உருவாக்கி 2001-இல் வெளியிட்டது. 32 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆழமாகப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. அதுவே முடிவு ஆகாது. பார்ட்டியைவிட நூலகத்துக்குப் போவது பிடிக்குமா என்று ஒரு கேள்வி. “பார்ட்டிக்கெல்லாம் போனதே இல்லையே, கல்யாண வீடுன்னு வெச்சுக்கலாமா?” என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்றார் நிபுணர். வேறு ஊர் வாழ்க்கையை வைத்து எழுதிய தாளை நம் ஊரில் நிரப்பும்போது, எதிரில் இப்படி ஒருவர் இருப்பது அவசியம்.

அடுத்த வாரம் வரும்போது பழைய நோட்டு, பள்ளி ரிப்போர்ட் கார்டு எது இருந்தாலும் எடுத்து வரச் சொல்லி அனுப்பினார்.

பிப்ரவரி 15

எடுத்து வந்தது பழைய வீட்டுக் கணக்கு நோட்டுகள். கடைசிப் பக்கங்களில் பென்சிலில் சின்னச் சின்ன எழுத்து. கேஸ் புக்கிங்குக்குப் பேச வேண்டியது: “வணக்கம். நுகர்வோர் எண் சொல்றேன். (நிறுத்தவும்.) எப்ப வரும்? (சரி சொன்னால் நன்றி சொல்லி வைக்கவும். இல்லை என்றால் ஏன் என்று கேட்கவும்.)” நாத்தனார் மகள் சடங்குக்கு ஒரு பக்கம்: யாரிடம் உடல்நலம் விசாரிப்பது, யாரிடம் பிள்ளை படிப்பு, எப்போது சிரிப்பது. வருடம் வருடமாக இப்படியே.

நிபுணர் ஒவ்வொன்றாகப் படித்தார். ஆட்டிசத்தை வெளியில் தெரியாமல் மறைக்கும் இந்தப் பழக்கம் பெண்களிடம் அதிகம் காணப்படுவதை ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன. மறைக்கத் தெரிந்ததாலேயே யார் கண்ணிலும் படாமல் போய், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் படுத்துக்கிடப்பவர்கள் அவர்கள். அந்த அலுப்புக்குத்தான் இத்தனை நாள் மனச்சோர்வு மாத்திரை.

மார்ச் 2

இன்று அம்மாவின் முறை. ஆட்டிசம் நடுவயதில் வந்து ஒட்டிக்கொள்வது இல்லை. அதனால் சிறுவயதில் எப்படி இருந்தார் என்று தெரிந்த ஒருவர் வேண்டும். டொனால்ட் டிரிப்லெட்டின் அப்பா ஒரு வழக்கறிஞர். மகனைப் பற்றி 33 பக்கம் தட்டச்சு செய்து கானருக்கு அனுப்பியிருந்தார். இங்கே 72 வயது அம்மாவிடம் ஒரே வரிதான் இருந்தது.

“ஒரு தொந்தரவும் இல்லீங்க. சொன்ன சொல்லு கேக்கற சமத்துப் புள்ளைங்க.”

பெண் குழந்தை அமைதியாக இருந்தால் நம் வீடுகளில் அது பாராட்டு. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நிபுணர் கேள்வியை மாற்றினார். “விசேஷ வீட்டுல என்னம்மா பண்ணுவாங்க?”

“மேளச் சத்தம் ஆகாதுங்க. சமையக்கட்டுக்குப் பொறத்தால அரிசி மூட்டை அடுக்கியிருப்பாங்கள்ல, அதுக்கு எடையில போயி உக்காந்துக்குவா. மேளம் நின்னாத்தான் வருவா. தீவாளிக்குப் புதுத்துணி போட மாட்டா, குத்துதுன்னு அழுவா. பஸ் நம்பரு அத்தனையும் ஒப்பிப்பா. பள்ளிக்கூடத்துல சோடி சேர மாட்டா...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி மகளைத் திரும்பிப் பார்த்தார். “ஏங் கண்ணு, அப்பவே இருந்துச்சா?”

மார்ச் 16

ரிப்போர்ட் வந்தது. ஆட்டிசம் உண்டு; கூடவே பதற்றமும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேடு 2013-இல் ஒன்றைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: அறிகுறிகள் இளவயதிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் வாழ்க்கையின் சுமை தாங்கும் அளவைத் தாண்டும்வரை அவை முழுதாக வெளிப்படாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகள் அவற்றை மறைத்தும் வைக்கலாம். ஜனவரியில் மாத்திரை எழுதியவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

“மருந்து எதுவும் தரலையா?” என்றார் அம்மா. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து எதுவும் இல்லை. பதற்றத்துக்கு உண்டு. அம்மாவுக்கு அது ஏமாற்றம்.

ஏப்ரல் 4

ரிப்போர்ட் வேறு, அரசுச் சான்றிதழ் வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு வேலையில் மொத்தம் 4 சதவீத ஒதுக்கீடு. அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். சான்றிதழுக்கு ஐசா என்ற இந்திய அளவுகோல்: 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே என்றால் அந்த அளவுகோல்படி ஆட்டிசமே இல்லை.

சம்பாதித்து, வீடு நடத்தி, பேசுவதை நோட்டில் எழுதி ஒப்பித்துச் சமாளிக்கும் ஒருவர் அதில் 70 எடுப்பது கடினம். வெளியில் தெரிவதை அளக்கும் கருவி அது. சமாளிக்கக் கொடுக்கும் விலையையும் சேர்த்து அளக்கும் கருவி பெரியவர்களுக்கு வேண்டும்.

சான்றிதழுக்கு இப்போதைக்கு விண்ணப்பிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்.

ஏப்ரல் 21

அலுவலகத்தில் சொல்வதா வேண்டாமா என்று கணவரோடு பல நாள் பேச்சு. கடைசியில் ரிப்போர்ட்டைக் காட்டாமல், மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கேட்டவை மூன்று: வேலையை வாயால் சொன்னாலும் எழுத்திலும் தர வேண்டும்; ஏ.சி. இயந்திரத்துக்குக் கீழே இருக்கும் இருக்கையை மாற்ற வேண்டும்; மதிய உணவைத் தனியாகச் சாப்பிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலாவதும் மூன்றாவதும் அன்றைக்கே சரி என்று பதில் வந்தது. இருக்கையை ஆடிட் சீசன் முடிந்ததும் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.