மூன்றுக்கு இரண்டு

2025 ஜூன் 8ஆம் தேதி இரவு, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காம் செட்டில் மூன்று சாம்பியன்ஷிப் புள்ளிகளிலிருந்து தப்பிய கார்லோஸ் அல்கராஸ், 5 மணி 29 நிமிடம் நீண்ட ஆட்டத்தின் முடிவில் யானிக் சின்னரை வென்றார். தோற்றவர் நாற்காலியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். நண்பரின் மகன், கல்லூரியில் படிப்பவன், எங்களைப் பார்த்துக் கேட்டான்:

"நம்ம ஆளுங்க யாராவது களிமண்ல இப்படி மயிரிழையில ஜெயிச்சிருக்காங்களா பெரியப்பா?"

1997இல் மகேஷ் பூபதி ரிகா ஹிராக்கியுடன் பெற்ற கலப்பு இரட்டையர் பட்டம், 1999இல் லியாண்டர் பயஸும் பூபதியும் பெற்ற இரட்டையர் பட்டம், 2017இல் ரோஹன் போபண்ணா பெற்ற கலப்பு இரட்டையர் பட்டம் எல்லாம் அவனுக்கே தெரியும். ஒற்றையர் ஆட்டத்தைத்தான் அவன் கேட்டான். எங்களில் ஒருவர் "1993, ஃப்ரெஜஸ்" என்றார். அந்தப் பெயரைச் சொன்னதும் நாங்கள் மூவரும் ஏன் பேச்சற்றுப் போனோம் என்பது அவனுக்கு விளங்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். 1987ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை அரையிறுதியில் இந்தியா சிட்னிக்குச் சென்று, ஆஸ்திரேலியாவை அவர்களுடைய புல்தரையிலேயே 3-2 என்று வென்றது. முடிவைத் தீர்மானித்த ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மசூரை வென்றவர் ரமேஷ் கிருஷ்ணன். இறுதிப் போட்டி டிசம்பரில், ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில். போட்டியை நடத்தும் நாடே தளத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. ஸ்வீடன்காரர்கள் உள்ளரங்கில் களிமண் தளம் அமைத்தார்கள். நான்கு நாட்களுக்கு முன்புதான் 34 வயது நிறைந்திருந்த விஜய் அமிர்தராஜும், ரமேஷும், ஆனந்த் அமிர்தராஜும் அங்கே 0-5 என்று தோற்றார்கள். அன்றிலிருந்து களிமண் என்ற சொல்லே எங்களுக்குக் கசந்தது. அது உண்மையில் களிமண்ணும் அன்று, பொடித்த செங்கல் தூள் என்று பிற்பாடு அறிந்தோம். பந்தின் வேகத்தை அது தின்றுவிடும்; பந்து மேலெழும்பி நின்று வரும்; புல்லில் ஓரடியில் முடிகிற புள்ளி அங்கே இருபது அடிகளுக்கு நீளும்.

அப்போது நாங்கள் நால்வர். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். மற்ற இருவரும் வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். நால்வரில் எவரும் டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்ததில்லை. மாலையில் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கமாக நடந்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். அந்த வீட்டுப் பெரியவர்தான் எங்களுக்கு டென்னிஸ் பைத்தியத்தை ஏற்றியவர்.

அவர் இளமையில் பட்டுப் புடவைக் கட்டுகளோடு சென்னைக் கடைகளுக்குப் போய்வருவாராம். ஒருமுறை ஏதோ ஒரு கிளப்பின் வேலிக்கு வெளியே நின்று ராமநாதன் கிருஷ்ணன் ஆடுவதைப் பார்த்திருக்கிறார். 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற கிருஷ்ணன். பிறகு அவருடைய மகன் ரமேஷ். ரமேஷ் 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் இரண்டிலும் இளையோர் பட்டம் வென்ற ஆண்டைப் பெரியவர் மறந்ததே இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்தி வரதர் அந்த ஆண்டுதான் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்தார். "அடுத்த தடவை அவர் வர்றப்போ நான் இருக்க மாட்டேன், இந்தப் புள்ள ஆட்டத்தையாவது பார்த்துக்கிறேன்" என்பார்.

ரமேஷின் சர்வீஸில் வேகம் இல்லை என்று நாங்கள் குறைபட்டால் அவருக்குப் பிடிக்காது. கோர்வைப் புடவை நெய்தவர் அவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோக்க வேண்டும். கரைக்கென்று ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக நாடா எறிவான். பெரியவரே பத்து வயதில் அப்படி உட்கார்ந்தவர்தான். "நாடாவை வேகமா எறியறவன் நெசவாளி இல்ல தம்பி. அது போய்ச் சேர வேண்டிய அளவுக்கு எறியணும். அந்தப் புள்ளைக்கு அது தெரியும்" என்பார்.

பெரியவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. தமிழ்ச் செய்தித்தாள்களில் டென்னிஸுக்கு அன்று நான்கு வரிதான் கிடைக்கும். ஆகவே ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை நாங்கள் அவருக்கு வாசித்து, புள்ளிக்குப் புள்ளி தமிழில் சொல்ல வேண்டும். அவர் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இந்த வழக்கம் ஏழெட்டு ஆண்டுகள் நடந்தது.

1993இல் இந்திய அணி முதலில் கல்கத்தாவில் ஸ்விட்சர்லாந்தை 3-2 என்று வென்றது. முந்தைய ஆண்டு இறுதிப் போட்டி வரை வந்த அணி அது. அடுத்து ஜூலையில், பிரான்ஸின் தென்கடலோரத்தில் ரோமானியர் காலத்து இடிபாடுகள் நிறைந்த ஃப்ரெஜஸ் என்ற சிற்றூரில், களிமண் தளத்தில் காலிறுதி. பிரான்ஸ் 1991இல் கோப்பையை வென்ற அணி. அந்த வெற்றியின் நாயகனான ஆன்ரி லெகோந்த் அணியில் இருந்தார். நம் பக்கம் 20 வயது லியாண்டர் பயஸ், 32 வயது ரமேஷ். கோத்தன்பர்க்கின் நினைவு எங்களுக்கு இருந்தது. ஒருவரும் நம்பிக்கை வைக்கவில்லை.

லியாண்டர் தம் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றார். லெகோந்தையே வென்றார். இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையில் நின்றபோது, ஐந்தாவது ஆட்டத்தை ஆட ரமேஷ் இறங்கினார்; எதிரே ரோடால்ஃப் கில்பர்ட். அந்தப் பிரெஞ்சுப் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து நாங்கள் அப்படித்தான் வாசித்தோம். ரமேஷ் வென்றார். மூன்றுக்கு இரண்டு. மறுநாள் காலை நாளிதழைத் திண்ணையில் விரித்து இரண்டு முறை வாசித்தோம். பெரியவர் கண்ணைத் திறக்கவே இல்லை. வீட்டிலிருந்து எல்லோருக்கும் காபி வந்தது.

அதன்பின் இரண்டு மாதங்கள் எங்களுக்குத் திருவிழாதான். அரையிறுதி செப்டம்பரில், சண்டிகரில், ஆஸ்திரேலியாவோடு. நம் ஊர், நம் புல்தரை. அதை வென்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டு இறுதிப் போட்டிக்குக் கணக்குப் போடத் தொடங்கினோம். மறுபக்கத்தில் ஜெர்மனியும் ஸ்வீடனும். இரு நாடுகள் மாறி மாறிப் போட்டியை நடத்தும் முறைப்படி, ஸ்வீடன் வந்தால் 1987இல் அங்கே ஆடிவிட்டதால் இம்முறை இங்கே வர வேண்டும். கோத்தன்பர்க்குக்கு நம் புல்லில் பதில் சொல்லலாம். களிமண்ணிலேயே வென்ற நமக்குப் புல் ஒரு பொருட்டா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் அட்டவணை போட்டு, அணியை நாங்களே தேர்ந்தெடுத்து வைத்திருந்தோம்.

பெரியவர் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஒருநாள் மாலை நாங்கள் வற்புறுத்திக் கேட்டபோது சொன்னார்:

"சண்டிகர்ல தோத்துடுவோம்னு தோணுது தம்பி. புல்லு நமக்கு மட்டுமா சொந்தம்? அவங்க பொறந்து வளர்ந்ததே அதுலதான். அவங்க ஊர்லயே போய் அடிச்சுட்டு வந்தோமே, அதை மறந்திருப்பாங்களா? மூணுக்கு ரெண்டுன்னா, ரெண்டு தோத்திருக்கோம்னு அர்த்தம். நீங்க அந்த ரெண்டைப் பத்திப் பேசவே மாட்டேங்கறீங்க."

அவர் சொன்னதில் தவறில்லை என்று இன்று தெரிகிறது. பிரெஞ்சுக்காரர்களையோ ஸ்விஸ்காரர்களையோ புல்லுக்கு அழைப்பது வேறு. ஆஸ்திரேலியர்களை அழைப்பது வேறு. ஆனால் அன்று எங்களுக்குச் சினம்தான் வந்தது. எங்களில் ஒருவர், யார் என்பது இப்போது முக்கியமில்லை, மற்றவர்கள் தடுக்கவில்லை என்பதே போதும், "நம்ம நாடு தோக்கணும்னு உட்கார்ந்திருக்கீங்களா ஐயா? பந்தைக் கையால தொட்டதில்லை, பேச வந்துட்டீங்க" என்றார். பந்தைத் தொடாதவர்கள்தாம் நாங்களும். பெரியவர் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அதன்பின் நாங்கள் அந்தத் தெருவைத் தவிர்த்தோம். தேரடியில் வேறொரு கடை வாசலில் கூடினோம். நாளிதழ் எங்களோடு அங்கே போயிற்று. ஒன்றரை மாதம் அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை என்பது எங்கள் நினைவிலேயே வரவில்லை. வந்திருந்தாலும், அதுவே தண்டனை என்று மகிழ்ந்திருப்போமோ என்னவோ.

செப்டம்பர் இறுதியில் சண்டிகரில் இந்தியா 0-5 என்று தோற்றது. ஓர் ஆட்டம்கூட மிஞ்சவில்லை. அந்த ஆண்டின் கோப்பையை டிசம்பரில் டுசல்டார்ஃப் நகரில், களிமண் தளத்தில், ஆஸ்திரேலியாவை வென்று ஜெர்மனி எடுத்துக்கொண்டது. எங்கள் நோட்டுப் புத்தகத்தில் இறுதிப் போட்டிக்கென்று விட்டிருந்த பக்கம் வெறுமையாகவே இருந்தது. ரமேஷும் அந்த ஆண்டோடு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

தோல்விக்கு மறுவாரம் நால்வரும் அந்தத் திண்ணைக்குப் போனோம். போகாமல் இருக்க முடியவில்லை. பெரியவர் தெருவில் வேறிருவரோடு பாவை நீட்டிப் பிடித்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தவர், வேலை முடியும் மட்டும் ஒன்றும் பேசவில்லை. பிறகு கை கழுவிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "நான் அன்னிக்கே சொன்னேனே" என்பார் என்று எதிர்பார்த்துத் தலைகுனிந்திருந்தோம். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தயாரித்தும் வந்திருந்தோம். சண்டிகர்ச் செய்தி வந்த நாளிதழ்கள் எங்கள் பையில் இருந்தன. அவர் அதைக் கேட்கவில்லை.

"அந்த ஃப்ரெஜஸ் பேப்பர் இருக்கா? கடைசி ஆட்டம் மட்டும் ஒருதரம் வாசிங்க" என்றார்.

ஆசிரியர் அதைக் கத்தரித்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். எடுத்து வாசித்தார். குரல் சரியாக எழவில்லை. பாதியில் மற்றொருவர் வாங்கி வாசித்து முடித்தார். பெரியவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கேட்டார். மன்னிப்புக் கேட்க நாங்கள் வாயெடுத்தபோது, கேளாதவர்போல இடைமறித்தார்.

"அந்த கில்பர்ட்டு. கடைசியா தோத்த பையன். அவன் என்ன சொன்னான்னு அதுல போடலையா?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அவரைப் பற்றி ஸ்கோரைத் தவிர ஒரு வரியும் இல்லை.

"போடலை ஐயா" என்றோம்.

"சரி" என்றார். உள்ளே திரும்பி, காபி கொண்டுவரச் சொன்னார்.

பெரியவர் இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் சொன்னபடியே, 2019இல் அத்தி வரதர் வந்தபோது அவர் இல்லை. எங்கள் நால்வரில் ஒருவரும் இன்று இல்லை. அந்த வீட்டில் தறியும் இல்லை.

இவ்வளவையும் அந்தப் பையனிடம் சொல்லி முடிக்கையில் இரவு ஒரு மணி கடந்திருந்தது. தொலைக்காட்சியை எப்போதோ அணைத்திருந்தோம். அவன் சிறிது நேரம் கழித்துக் கைப்பேசியை எடுத்து எதையோ தேடினான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டோம்.

"சின்னர் என்ன பேசினான்னு பார்க்கிறேன் பெரியப்பா" என்றான்.