சிப்பிக்குள் முத்து, செல்லுக்குள் வைரம்

வைரப்பொடி கொடிய விஷம் என்ற நம்பிக்கை பல நாடுகளில் இருந்திருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி, எதிரிகள் தன் சாப்பாட்டில் வைரப்பொடி கலக்க ஏற்பாடு செய்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பொடிக்கக் கொடுத்த ஆள் வைரத்தை அமுக்கிக்கொண்டு மலிவான கல்லைப் பொடித்துக் கொடுத்துவிட்டானாம். அதனால்தான் பிழைத்தேன் என்கிறார்!

இன்றோ விஞ்ஞானிகள் வேண்டுமென்றே உயிருள்ள செல்லுக்குள் வைரத்தை அனுப்புகிறார்கள். இதற்கு நானோ வைரம் என்று பெயர். மூடிய கலத்துக்குள் வெடிமருந்தை வெடிக்கச் செய்தால், அதிலுள்ள கார்பன் நுண்ணிய வைரத் துகள்களாக மாறுகிறது. சோவியத் யூனியனில் 1963-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு துகள் 4 முதல் 5 நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் அகலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் வரிசையாக வைக்கலாம்.

இப்படி ஒரு அன்னியப் பொருள் உள்ளே வந்தால் உயிர் என்ன செய்யும்? இதைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடி முத்துச்சிப்பி உதவும். 1973-இல் தூத்துக்குடி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி குழுவினர், வேப்பலோடையில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். சிப்பிக்குள் ஒரு மணியை மட்டும் வைத்தால் முத்து ஆகாது. ஓட்டை உருவாக்கும் சதையில் ஒரு சிறு துண்டை இன்னொரு சிப்பியிலிருந்து வெட்டி, மணியோடு சேர்த்து வைக்க வேண்டும். அந்தச் சதை மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து, பளபளக்கும் பூச்சை அடுக்கடுக்காகப் பூசும். ஆக, உள்ளே இருப்பது என்ன என்பதைவிட மேலே என்ன போர்த்தியிருக்கிறது என்பதே முக்கியம்.

நானோ வைரத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். ரத்தத்தில் கலந்தவுடன் புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. செல் அதை அப்படியே விழுங்குகிறது. ரத்தத்தின் புரதங்கள் கலந்த திரவத்தில் வளர்ந்த செல்கள் நன்றாகவே இருந்தன. புரதமில்லாத திரவத்தில் அதே துகள்கள் செல்களைப் பாதித்தன. அமெரிக்காவில் அமண்டா ஷ்ராண்ட் குழுவினர் 2007-இல் பலவகைச் செல்களில் சோதித்தபோது பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் 2011-இல் வெளியான இன்னொரு ஆய்வில், மேற்பரப்பை ஆக்ஸிஜனேற்றிய நானோ வைரம் கருவின் ஸ்டெம் செல்களில் டி.என்.ஏ.வை லேசாகச் சேதப்படுத்தியது. கார்பன் நானோகுழாய் செய்த சேதத்தைவிட அது குறைவுதான்.

அடுத்தது ஆன்டி-ஆக்ஸிடன்ட் விஷயம். அடுப்பு எரிந்தால் புகை வருவதுபோல, செல் உணவை எரித்துச் சக்தி எடுக்கும்போது தீவிரமாக வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உண்டாகின்றன. அளவுக்கு மீறினால் அவை செல்லையே அரிக்கும். இவற்றை அடக்குவதுதான் ஆன்டி-ஆக்ஸிடன்ட். சில சோதனைகளில் நானோ வைரம் இந்த வேலையைச் செய்தது. மேற்பரப்பு மாறினாலோ, தயாரிப்பின்போது ஒட்டிய உலோகம் சரியாகக் கழுவப்படாவிட்டாலோ, புகையைக் கூட்டவும் கூடும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ரொமானா ஷிர்ஹாகல் குழுவினர் இதை வேறுவிதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒளிரும் நானோ வைரத்தைச் செல்லுக்குள் வைத்து, அதன் ஒளி மாறுவதைக் கொண்டு அங்கே இந்த மூலக்கூறுகள் எவ்வளவு என்று அளக்கிறார்கள். அதாவது மருந்தாக அல்ல, உளவாளியாக!

இன்னொரு கணக்கும் உண்டு. முத்து அடிப்படையில் கால்சியம் கார்பனேட். வயிற்று அமிலத்தில் கரையும். வைரம் கரையாது. எலிகளின் ரத்தத்தில் செலுத்திய நானோ வைரத்தில் பெரும்பகுதி கல்லீரலில் போய்த் தங்கியது. வரும் லாபத்தை மட்டும் காட்டி, தங்கும் பாக்கியைக் காட்டாத பேலன்ஸ் ஷீட்டை யார் நம்புவார்கள்?

ஆகவே வைரப்பொடி விஷம் என்ற பழைய பயமும் தவறு, நானோ என்றாலே நல்லது என்ற புதிய விளம்பரமும் தவறு. என்ன அளவு, மேலே என்ன பூச்சு, எவ்வளவு, கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் வேண்டும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடி வியாபாரிகள் முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து, நிறமும் உருவமும் பார்த்துத்தான் விலை பேசினார்கள். முத்து என்ற பெயருக்காக மட்டும் யாரும் காசு கொடுக்கவில்லை.