இரு புரிகளின் நடுவே

ஆங்கில நாட்டுத் தூண்டிற்காரர் ட்ரௌட் மீனைக் கவரச் செயற்கைப் பூச்சி கட்டுவர். 1496ஆம் ஆண்டு அச்சேறிய அந்நாட்டு நூலொன்று அவற்றுள் 12 வகைகளைக் கூறுகின்றது. பூச்சியின் உடலுக்குரிய காட்டுமுயலின் செவிமயிர் தனித்து நில்லாது உதிரும். ஆகவே மெழுகிட்ட இழையை மடித்துக் கண்ணியாக்கி, இடையே மயிரைப் பரப்பி, மேலே கொக்கியும் கீழே கனமும் உடைய சிறு கதிரைத் தொங்கவிட்டுச் சுழற்றுவர். இரு புரியும் முறுகி மயிரைப் பற்றும். அதனைத் தூண்டில் முள்ளிற் சுற்றுவர். மயிர் மிகின் பிடி தளரும். முறுக்கு மிகின் இழை அறும்.

இதனை அறிந்தபோது நன்னூற் பாயிரம் நம் நினைவில் எழுந்தது. சொல்லைப் பஞ்சாகவும் அறிவைக் கதிராகவும் அது உருவகிப்பதை ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். கதிர் சுழலக் கண்ட மாணவர் எத்தனை பேர்? கைத்தொழில் மறையின் உருவகமும் உயிரிழக்கும். இனி அப்பாடத்திற்கு ஒரு தக்ளியையும் கொண்டு செல்வோம்.