அளவு எழுதாத சிகிச்சைத் தாள்

திருவனந்தபுரம் கரமனையிலிருந்து என்னிடம் வழக்குக்காக வந்த டீச்சரால் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வாயைத் திறக்க முடியவில்லை. மூன்று விரல் நுழைந்தால் தாடை சீராக இருக்கிறது என்பது பல் மருத்துவர்களின் கணக்கு. காதோரம் கிளம்பும் வலி கன்னத்துத் தசை வரை இறங்குமாம். "தோசையைக்கூட சாம்பார்ல ஊறவெச்சுத்தான் சார் முழுங்கறேன்" என்றார்.

பத்து முறை லேசர் ஒளி காட்டினால் வலி அடியோடு போய்விடும் என்று எழுதிக் கொடுத்து, முழுப் பணத்தையும் முன்பணமாக வாங்கியிருந்தது ஒரு கிளினிக். பத்தும் முடிந்தும் வலி குறையவில்லை.

ஒளி சிகிச்சையே மோசடி என்று வாதாடச் சொன்னார் அவருடைய கணவர். நான் சம்மதிக்கவில்லை. 1960களில் புடாபெஸ்டில் என்ட்ரே மெஸ்டர் தொடங்கிய ஆய்வு அது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செல்லின் மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சுவதால் வீக்கமும் வலியும் தணியும் என்பது விளக்கம். தாடை மூட்டு வலியில் பலன் கண்ட ஆய்வுகளும் உண்டு, காணாதவையும் உண்டு. ஆனால் இடம்பெயர்ந்த மூட்டுத் தட்டை ஒளி திரும்பக் கொண்டுவந்து வைக்காது.

வழுதக்காட்டில் நுகர்வோர் ஆணையத்தின் முன் எதிர்த்தரப்பு வக்கீல் வெளிநாட்டு ஆய்வுகளைத் தாக்கல் செய்தார். எங்களுக்கு அவையே கைகொடுத்தன. எத்தனை நானோமீட்டர் அலைநீளம், எவ்வளவு திறன், எந்தத் தசைமேல் எத்தனை விநாடி என்று ஒவ்வோர் ஆய்விலும் எழுதியிருந்தது. டீச்சரின் சிகிச்சைத் தாளிலோ தேதியும் கையெழுத்தும் மட்டும். குறுக்கு விசாரணையில் அளவைக் கேட்டேன், பதில் வரவில்லை.

சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துவைத்தேன். சிகிச்சையின் பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாம் தெரிந்த பிறகு தருவதுதான் சம்மதம். மென்மையான உணவு, ஒத்தடம், தாடைப் பயிற்சி, பல்லில் மாட்டும் ஸ்பிளின்ட் ஆகிய எளிய வழிகளில் ஒன்றைக்கூட யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பலருக்கு இவையே போதும். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

கட்டிய பணமும் வழக்குச் செலவும் திரும்பக் கிடைத்தன. ஒளியால் வலி கூடியது என்று கேட்ட நஷ்டஈடு, ஆதாரம் இல்லாததால் தள்ளுபடியானது. அதுவும் சரியான தீர்ப்பே.

ஒளி சிகிச்சைக்குப் போகிறவர்கள், ஒவ்வொரு முறையும் அலைநீளம், திறன், நேரம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். குறை இருந்தால், குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கவேண்டும்.