அம்மா போட்ட பனிப்பாதை

ஒரு பள்ளி விடுமுறையில் அம்மாவை ஷா ஆலம் ஐ-சிட்டியில் இருந்த பனி அரங்கத்துக்கு அழைத்துப் போனோம். உள்ளே மைனஸ் 5 டிகிரி. தடித்த ஜாக்கெட்டில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு, “பனி கொட்டுற ஊர்ல சனங்க என்ன வேலை செய்வாங்க தம்பி?” என்று கேட்டார்.

அம்மா அப்படித்தான். இன்றைய ஷா ஆலம், சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த காலத்தில் அங்கே பிறந்தவர். வாழ்க்கைப்பட்டுப் போன தோட்டத்தில் 22 ஆண்டுகள் பால் மரம் சீவியவர். அப்பா போனபின் எங்களோடு வந்துவிட்டார். “பட்டது போதும், சும்மா இருங்கம்மா” என்று துடைப்பத்தைக்கூடக் கையில் கொடுக்கவில்லை நாங்கள். இரண்டு ஆண்டுகளில் பேச்சுக் குறைந்தது. பகலெல்லாம் தொலைக்காட்சி முன்னால் தூக்கம். டாக்டரைப் பார்த்தோம், மருந்து மாறியது, அம்மா மாறவில்லை.

கனடாவில், ஒண்டாரியோ கிராமம் ஒன்றில் இருக்கும் தங்கை, “கொஞ்ச நாள் இங்கே அனுப்புண்ணே” என்றாள். பிப்ரவரியில் நானும் கூடவே போனேன்.

முழங்கால் அளவு பனி. முதல் இரண்டு நாள் அம்மா சன்னல் வழியே மாப்பிள்ளை பனி வழிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை பூட்ஸைத் தேடினார். எனக்குப் பயம். வயது 71; பனி அள்ளும்போது மாரடைப்பு வரும் என்று அங்கே எல்லாரும் எச்சரிக்கிறார்கள். தங்கைதான் ஒரு சின்ன மண்வாரியைக் கொடுத்து, விறகு அடுக்கி வைத்திருந்த இடம் வரைக்குமான நடைபாதையை மட்டும் ஒப்படைத்தாள். தூக்கக் கூடாது, தள்ள வேண்டும். வியர்க்கும் முன்னே நிறுத்த வேண்டும், வியர்வை ஈரத்தில் குளிர் ஏறிவிடும். அம்மா நிரை பிடித்தவர் அல்லவா? கோடு போட்டதுபோல் பாதை வந்தது. சாலையில் பனி தள்ளும் லாரி ஒன்று, மாப்பிள்ளை சுத்தம் செய்த வாசலை மறுபடி மூடிவிட்டுப் போனது. அதைத் தமிழில் ஏசினார் பாருங்கள், இரண்டு ஆண்டுகளாக நாங்கள் கேட்காத குரல் அது!

கடுங்குளிரில் பனி சீனி மாதிரி உதிரும், உருண்டை பிடிக்க வராது என்று பேரன் பாட்டிக்குப் பாடம் எடுத்தான். ஒரு மதியம் சறுக்குப் பலகையில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து மேட்டிலிருந்து இறங்கியும் விட்டார். என்னைக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். அதனால்தான் கேட்கவில்லை.

மார்ச் மாதம் பக்கத்துப் பண்ணைக்காரர் மேப்பிள் மரங்களில் துளை போட்டு வாளி மாட்டினார். இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில்தான் சாறு இறங்குமாம். அம்மா பட்டையைத் தடவிப் பார்த்தார். “நம்ம மரம் வெயில் ஏறுனா நின்னுடும். இது வெயில் பட்டாத்தான் ஊத்துது!” ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. பனியில் கால் புதையப் புதைய, மரம் மரமாகப் போய் வாளிகளை எட்டிப் பார்த்தார். நிறைந்ததை மாப்பிள்ளை தூக்கினார். “ரெண்டு வாளிக்கு ஒரு காண்டா கம்பு இருந்தா நான் தூக்கியிருப்பேன்” என்றார்.

ஊர் திரும்பியதும் துடைப்பத்தை அவரே எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் வெண்டியும் கத்தரியும் வைத்திருக்கிறார். முதுகு வலி என்று புலம்பவும் செய்கிறார். டிசம்பரில் தங்கை பனிப் படம் அனுப்பினால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, “விறகுக்குப் போற பாதையை இப்ப யாருடா வழிக்கிறா?” என்கிறார்.