நீலம் ஏன் சார் இல்லை?

கார்த்திகைக்கு வாங்கிய பேட்டரி அகல்விளக்கு ஒன்று, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிந்துகொண்டிருந்தது. நேற்று பேத்தி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தாத்தா, இதுல சிவப்பு மட்டும்தான் வருது. மத்த கலரெல்லாம் தீர்ந்துபோச்சா?"

கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எல்இடியைக் கழற்றி பூதக்கண்ணாடியில் காட்டினேன். நிறமே இல்லாத பிளாஸ்டிக். உள்ளே கடுகைவிடச் சின்னதாக மூன்று புள்ளிகள். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. கூடவே ஒரு சில்லு. எதை எப்போது எரியவிடுவது என்று முடிவுசெய்வது அதுதான். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் நம் கண்ணுக்கு மஞ்சள், மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. மெல்ல மங்குவதுபோல் தெரிவதும் கண்கட்டுதான். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து அணைத்துப் போடுகிறது, நம்மால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

சிவப்பு மட்டும் ஏன் மிஞ்சியது? அதற்குச் சுமார் 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். பேட்டரி தளர்ந்தால் அவைதான் முதலில் படுக்கும். புது பட்டன் செல் போட்டேன், நீலம் வந்தது. பேத்தி ஓடிவிட்டாள்.

எனக்குத்தான் 1990 ஞாபகம் வந்துவிட்டது. பிளஸ் டூ வகுப்பு. கடைசி பெஞ்ச் பையன் எழுந்தான். "சார், கடையில சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்இடி இருக்கு. நீலம் ஏன் சார் இல்ல?"

எனக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். "பரீட்சைக்கு வராததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்த வருடம் முழுக்க அவன் மறுபடி கேள்வி கேட்கவில்லை.

அதே கேள்வியோடுதான் அப்போது ஜப்பானில் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரான் எவ்வளவு ஆழமான பள்ளத்தில் விழுகிறதோ, அதைப் பொறுத்தது நிறம். நீலத்துக்கு ஆழம் அதிகம் வேண்டும். காலியம் நைட்ரைடில் அது உண்டு. ஆனால் அதை நல்ல படிகமாக வளர்ப்பது பெரும்பாடு. 1993-ல் நகாமுரா பளிச்சென்ற நீலத்தை எட்டினார். 2014-ல் மூவருக்கும் நோபல் பரிசு. அந்தச் செய்தியைப் படித்த அன்று காபி ஆறிப்போனது.

பெயரைப் போடவில்லை, அவனுக்கே தெரியும். தம்பி, இது உன் கண்ணில் பட்டால் கமெண்டில் வா. பதில் மேலே இருக்கிறது. அன்றைக்குச் சிரிக்கவிட்டதற்கு மன்னித்துவிடு.